பின்மூடி மாற்றிய மணிக்கூடு

பிழையான முள் போட்ட மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு ஒருவர் கடைக்குள் வந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மட்டக்களப்பு டவுனில், ஒரு புடவைக்கடையின் பக்கச் சுவரோடு ஒட்டியிருந்த ஆறடிக் கடை என்னுடையது. பற்றரி மாற்றவும் வார் மாற்றவும் வந்தவர்களால் சோறு கிடைத்தது. ஆனால் நான் காத்திருந்தது குரோனோகிராஃப் மணிக்கூடுகளுக்காக. ஊரில் அவற்றை ஸ்டொப்வோச் மணிக்கூடு என்பார்கள். பெரிய டயலுக்குள் இரண்டு மூன்று சின்ன வட்டங்கள் இருக்கும், பக்கத்தில் இரண்டு பொத்தான்கள் இருக்கும். ஒன்றை அமத்தினால் நடுமுள் ஓடும், திரும்ப அமத்தினால் நிற்கும். கப்பலில் வேலை செய்தவர்களும் அரபு நாடுகளுக்குப் போய் வந்தவர்களும் கொண்டுவந்தவை அவை.

கைமாறிக் கைமாறி, கண்டவனெல்லாம் திருத்தி, என்னிடம் வரும்போது அவை அலங்கோலமாக இருக்கும். டயலுக்கு யாரோ பூச்சு அடித்திருப்பான். நடுமுள் அரை மில்லிமீற்றர் கட்டையாக இருக்கும். அதை அது பிறந்த வருடத்தில் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்குவதுதான் என் வெறி. கொழும்பில் டயல் அச்சடிப்பவர் ஒருவர் இருந்தார். நாலு என்ற இலக்கத்தின் மேல்வாய் திறந்திருக்கவேண்டிய இடத்தில் மூடியிருந்தது என்று ஒரே டயலை மூன்று முறை அவருக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர் கடைசியில் என் தொலைபேசியை எடுப்பதை விட்டுவிட்டார். வாடிக்கையாளர்களையும் நான் விட்டுவைத்ததில்லை. "இதைக் கட்டுறதுக்கு வெறுங்கையோட போகலாம்" என்று ஓர் ஆசிரியரிடம் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் திரும்ப வரவில்லை, நானும் கவலைப்படவில்லை.

மணிக்கூடு திருத்துகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் பின்மூடியின் உட்பக்கத்தில் ஊசியால் சின்னதாக ஓர் இலக்கம் கீறிவிடுவோம். அந்த இலக்கத்துக்கு நேரே கொப்பியில் ஆளின் பெயர் இருக்கும். வெளியில் ஒன்றும் தெரியாது. பழைய மணிக்கூடுகளைத் திறந்தால் நாலைந்து பேரின் கீறல்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். சிலர் அதையெல்லாம் தேய்த்து அழித்துப் பளபளப்பாக்கிக் கொடுப்பார்கள். நான் ஒரு கீறலையும் அழித்ததில்லை. வயது போன மூடி வயது போனதாகத்தான் இருக்கவேண்டும், அழித்தால் அது பொய் என்று வருகிறவர்களுக்கெல்லாம் பிரசங்கம் வைப்பேன்.

கல்லடியில் ஒரு கச்சேரிக் கிளாக்கர், அரசாங்க உத்தியோகத்தர், இருந்தார். கப்பலில் போன தமையன் கொடுத்த ஸ்டொப்வோச் மணிக்கூட்டை அவர் என்னிடம் தந்து, "செலவைப் பாராதீங்க, அச்சொட்டாச் செய்து தாங்க" என்றார். என்னைப் போல இன்னொரு பைத்தியம் ஊரில் இருக்கிறது என்று எனக்குச் சந்தோசம். இரண்டு வருடம் எடுத்தேன். டயல் வந்தது, முள்கள் வந்தன, காளான் தலைபோன்ற பொத்தான்களை ஒரு உடைந்த மணிக்கூட்டிலிருந்து எடுத்தேன். கடைசியில் பின்மூடி மட்டும் மிஞ்சியது. அது பத்து வருடம் பிந்திய மொடலின் மூடி. வெளிப்பக்கத்தில் ஒரு வரி எழுத்துக் கூடுதலாக இருந்தது. கட்டியிருக்கும்போது அந்தப் பக்கம் தோலோடு ஒட்டியிருக்கும், யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும் என்பதால் எனக்கு நித்திரை வரவில்லை.

அந்த நேரத்தில்தான் ஆரையம்பதி மீன் வியாபாரி தன் மணிக்கூட்டைக் கழுவித் துடைக்கத் தந்தான். மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிப் போய், கரைவலை இழுக்கும் இடத்தில் மீன் எடுத்து ஊருக்குள் விற்கிறவன். கப்பலில் சமையல்காரராக இருந்த தகப்பனின் மணிக்கூடு அது. கிளாக்கருடையதைப் போலவே, அதே வகை, அதே வருடம். ஒரு துண்டும் மாறாமல் அப்படியே இருந்தது. வாருக்குள் மீன் செதில் ஒட்டியிருந்தது. மீன் எடுத்த இடத்திலிருந்து சந்தைக்கு வர எவ்வளவு நேரம் என்று பொத்தானை அமத்தி அமத்திப் பார்ப்பதற்குத்தான் அவன் அதை வைத்திருந்தான். எனக்கு வயிறு எரிந்தது.

மூடிகள் இரண்டையும் மாற்றிப் போட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. கிளாக்கரின் மணிக்கூட்டுக்கு மீன்காரனின் மூடி, மீன்காரனின் மணிக்கூட்டுக்குக் கிளாக்கரின் மூடி. மாற்ற முதலே இரண்டு மூடிகளிலும் அவரவர் இலக்கத்தைக் கீறியிருந்தேன். வழக்கப்படி அவற்றை அழிக்கவில்லை. கொப்பியில் மாற்றி எழுதவும் இல்லை. அந்தப் பிந்திய மூடி மீன்காரனின் மணிக்கூட்டில் இறுக்கமாக உட்காரவில்லை, கொஞ்சம் கிரீஸ் பூசி முறுக்கிவிட்டேன். கிளாக்கரை "அவர்" என்றும் மீன் வியாபாரியை "அவன்" என்றும் எழுதிக்கொண்டு போகிறேன் என்று இப்போதுதான் கவனிக்கிறேன். மாற்றப் போவதில்லை. அன்றைக்கும் அப்படித்தான் நினைத்தேன், அதனால்தான் அதைச் செய்ய முடிந்தது.

ஒரு வருடம் கழித்து, நத்தார்ப் பண்டிகைக்கு அடுத்த நாள் காலையில் கடல் ஊருக்குள் வந்தது. மீன் வியாபாரி நாவலடியில் கரைவலைக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறான். கிளாக்கர் ஞாயிறு தோறும் போவதுபோலக் கல்லடிக் கடற்கரையில் நடக்கப் போயிருக்கிறார். இரண்டு பேரும் வீடு திரும்பவில்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கடை வாசலில் ஈரம்கூடப் படவில்லை.

மூன்றாம் நாள் தொண்டர் ஒருவர் கடைக்கு வந்தார். உடல்களை ஒரு பள்ளிக்கூடத்தில் கிடத்தியிருக்கிறார்கள், ஊதிப்போய் முகம் தெரியவில்லை, கைகளிலிருந்து கழற்றிய மணிக்கூடுகளை வைத்து யாரையாவது சொல்லமுடியுமா என்று கேட்டார். லென்சையும் மூடி திறக்கும் சாவியையும் எடுத்துக்கொண்டு போனேன். மூக்கில் துணி கட்டியிருந்தேன். பிள்ளைகள் எழுதும் மேசை ஒன்றில் ஒன்பது மணிக்கூடுகளைப் பொலித்தீன் பையிலிருந்து கொட்டினார்கள். முதல் ஆறும் சாதாரண பற்றரி மணிக்கூடுகள், உள்ளே ஒன்றும் இல்லை. ஏழாவது ஸ்டொப்வோச். கண்ணாடி உடைந்து, உள்ளே சேறு இறுகி, முள்கள் போய், டயலில் அச்சு முழுதும் உரிந்து வெறும் தகரமாக இருந்தது. பின்மூடியைத் திறந்து துடைத்தேன். என் கையெழுத்தில் கிளாக்கரின் இலக்கம்.

எனக்குக் கொப்பி தேவைப்படவில்லை. "கச்சேரிக் கிளாக்கர் ஐயா" என்றேன். தொண்டர், "வடிவாப் பாத்துச் சொல்லுங்க" என்றார். "என்ட கீறல் பிழைக்காது" என்று எரிந்து விழுந்தேன். கிளாக்கரின் மனைவியைக் கூட்டிவந்தார்கள். உடலைப் பார்க்க அவரால் முடியவில்லை. மணிக்கூட்டைக் கையில் வாங்கினார், அதில் அடையாளம் சொல்ல ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. அதனால் என் முகத்தைப் பார்த்தார். "ஓம் அக்கா, ஐயாடதான்" என்றேன்.

மூடி மாற்றியது எனக்கு ஏன் நினைவு வரவில்லை என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். நாற்றம், அவசரம், சுற்றிலும் ஒப்பாரி என்று காரணம் சொல்லலாம். உண்மை அது இல்லை. நான் செய்தது களவு என்று எப்போதாவது எனக்கு உறைத்திருந்தால் அது நினைவில் இருந்திருக்கும். எனக்கு அது வேலையை ஒழுங்காக முடித்தது, அவ்வளவுதான். முடித்த வேலையை யாரும் நினைத்துக்கொண்டிருப்பதில்லை.

ஊரெல்லாம் குழி வெட்டி மொத்தமாகப் புதைத்துக்கொண்டிருந்த நாட்கள். கிளாக்கர் வீட்டார் மட்டும் அலைந்து விறகு தேடி எரித்தார்கள். மகன் கொள்ளி வைத்தான். சாம்பலை முகத்துவாரத்தில் கரைக்கும்போது அந்த மணிக்கூட்டையும் சேர்த்துப் போட்டுவிட்டார்கள். எட்டாம் நாள் சடங்குச் சோறு, செலவு என்போம், அதற்கு நானும் போய்ச் சாப்பிட்டேன். நான் இல்லாவிட்டால் ஐயா அநாதைப் பிணமாகப் போயிருப்பார் என்று ஒருவர் என் கையைப் பிடித்து அழுதார். எனக்கு அது பிடித்திருந்தது.

முப்பத்தோராம் நாளுக்கு ஒரு கிழமை இருக்கும்போது கிளாக்கர் வந்து இறங்கினார். பொலன்னறுவைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். தலையில் அடி, பேச்சு வரவில்லை, தமிழ் தெரிந்த ஆட்களும் பக்கத்தில் இல்லை. பேச்சு வந்ததும் ஆளைப் பஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். வீட்டு வாசலில் கால் வைத்த மனிதர் விறாந்தையில் தன் படத்துக்கு மாலை போட்டிருப்பதைக் கண்டு, "இந்தப் படம்தானா கிடைச்சது?" என்று கேட்டாராம். ஊர் ஒரு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தது.

இரண்டு நாள் கழித்து என் கடைக்கு வந்தார். மணிக்கூடு கையில் இருந்தது. "கடலுக்குள்ள போய் வந்தது, ஒருக்காத் திறந்து பாருங்க" என்று வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார். டயலின் ஓரத்தில் ஒரு கறை மட்டும்தான். சரியான மூடி, இறுக்கமாக உட்கார்ந்து தண்ணீரை நிறுத்தியிருந்தது. திறந்தேன். உள்ளே மீன் வியாபாரியின் இலக்கம். அப்போதுதான் எல்லாம் ஒரே அடியாக நினைவுக்கு வந்தது. நாங்கள் எரித்தது யாரை என்று தெரிந்தது. அதற்குப் பிறகு நான் செய்த வேலையை ஒரு நடுக்கமும் இல்லாமல் செய்தேன். மினுக்கும் மாவைத் தொட்டு அந்த இலக்கத்தைத் தேய்த்து அழித்தேன். வாழ்க்கையில் நான் அழித்த ஒரே கீறல் அது. அந்த இடத்தில் கிளாக்கரின் இலக்கத்தைப் புதிதாகக் கீறினேன்.

அவர் திரும்பி வந்து, "அப்ப நாம எரிச்சது ஆரை?" என்று கேட்டார். "ஆருக்குத் தெரியும் ஐயா. சேறு அடைஞ்சிருந்தது, ஓர் இலக்கத்தைப் பிழையா வாசிச்சிட்டன்" என்றேன். உயிரோடு வந்த மனிதர், பெருந்தன்மையாக முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

அடுத்த கிழமை மீன் வியாபாரியின் மனைவி வந்தாள். அவளை அதற்கு முன் நான் கண்டதில்லை. முப்பது வயது இருக்கும். தான் யார் என்று சொன்னாள், புருசன் இன்னும் வரவில்லை என்று சொன்னாள். நெற்றியில் குங்குமம் பெரிதாக இருந்தது.

"கிளாக்கர் ஐயா வந்திட்டாராமே அண்ணன். எரிச்சு, செலவும் குடுத்தாப்போல வந்திருக்கார்."

"ஓம்" என்றேன்.

"என்ட மனிசன்ட மணிக்கூடு உங்களிட்ட வந்ததா? எல்லாற்றையும் நீங்கதானாமே பாத்த."

சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. சொன்னால் மூடியைச் சொல்லவேண்டும், அழித்ததைச் சொல்லவேண்டும், கிளாக்கர் வீட்டார் முன் நிற்கவேண்டும். "அவன்ட மணிக்கூடு எங்கயும் வரல்ல தங்கச்சி" என்றேன்.

அவளுடைய முகம் மலர்ந்தது. அதைத்தான் என்னால் மறக்கமுடியவில்லை. "மணிக்கூடு வரல்லண்டா ஆளும் சாகல்ல. அவர் அதைக் கழற்றவே மாட்டார்" என்றாள்.

அதிலிருந்து நாலேகால் வருடம். மாதம் ஒருமுறை, சில நேரம் இரண்டுமுறை, பொருள் வாங்க டவுனுக்கு வரும்போது கடையை எட்டிப் பார்ப்பாள். மரணப் பத்திரத்துக்கு விண்ணப்பம் போடச் சொன்ன ஊர் அதிகாரி விதானையாரோடு சண்டை பிடித்தாள். மனைவியை அலைக்குக் கொடுத்த மச்சான்காரன் ஒருவன், நல்ல மனிதன், அவளைக் கேட்டு வந்தான். "புருசன் இருக்கிறவளைக் கேக்க வெக்கமில்லையா?" என்று படலையிலேயே திருப்பி அனுப்பிவிட்டாள். அவன் வேறு கட்டி இரண்டு பிள்ளைக்குத் தகப்பனானான். அவள் ஊர் வீட்டு மா இடித்துக் கொடுத்து வாழ்ந்தாள். நாவலடியில் அலை அடித்துக்கொண்டு போனவன் எங்கே இருப்பான் என்று யாராவது கேட்டால், "கிளாக்கர் ஐயா பொலன்னறுவையில இருந்து வரல்லையா?" என்று திருப்பிக் கேட்பாள். அதற்குப் பதில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. எனக்கு வந்திருக்கவேண்டும்.

சாத்திரி ஒருவன், ஆள் வடக்கே இருக்கிறான், பேச்சு மறந்துபோய் இருக்கிறான் என்று சொல்லிவிட்டான். அலையில் அடிபட்டவர்களைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோனதைத் தான் கண்டதாக இன்னொருவன் சொன்னான். வன்னியில் சண்டை இறுக இறுக அவளுக்கு உடம்பு மெலிந்தது. வானொலியில் செத்தவர்களின் கணக்குச் சொல்லும்போதெல்லாம், பிழைத்திருக்கிறவனை இரண்டாம் முறை இழக்கப்போகிறேன் என்று பயந்தாள். ஏற்கெனவே எரிந்து கரைந்த ஒருவனுக்காக அவள் ஒவ்வொரு குண்டுக்கும் பயந்தாள். அந்தப் பயத்தை அவளுக்குக் கொடுத்தவன் நான்.

சண்டை முடிந்தது. டவுனில் வெடி கொளுத்தினார்கள். முதலில் கடைகளைப் பூட்டச் சொல்லி ஒருவன் வந்தான், பிறகு திறந்து கொடி கட்டச் சொல்லி வேறொருவன் வந்தான். சனங்களை வவுனியாவில் முள்கம்பி முகாம்களுக்குள் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்த கிழமை, அவள் ஒரு கைப்பையோடும் படத்தோடும் கடைக்கு வந்தாள்.

"அண்ணன், நாளைக்கு வவுனியாவுக்குப் போறன். பேச்சு மறந்திருந்தா அவர் பேர் சொல்லமாட்டார்தானே. மணிக்கூட்டுக்குள்ள நீங்க கீறின இலக்கத்தை எழுதித் தாங்க. திறந்து பாத்தாச் சரி."

நான் எழும்பி நின்றேன். கதிரையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். மூடியை மாற்றியது, பள்ளிக்கூடத்தில் திறந்தது, கிளாக்கர் வந்தபின் தெரிந்தது, எரித்தது அவளுடைய மனிசனைத்தான் என்பது. சுருக்கமாகச் சொல்லவில்லை, ஒன்றையும் விடவில்லை.

"அப்ப கிளாக்கர் ஐயாட மணிக்கூட்டுக்குள்ள இவர்ட இலக்கம் இருக்குமே?"

"அழிச்சிட்டன்."

"கொப்பியில மாத்தினதை எழுதியிருப்பீங்களே?"

"எழுதல்ல."

"எரிச்சாக்கள் எடுத்த மணிக்கூடு?"

"முகத்துவாரத்தில போட்டுட்டாங்க தங்கச்சி."

அவள் கத்தவில்லை, அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வருத்தக்காரனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

"அண்டைக்குக் கிளாக்கர் ஐயாட்டச் சேறு எண்டு சொன்னீங்களாம். மறுகா மணிக்கூடே வரல்ல எண்டு சொன்னீங்க. இண்டைக்கு மூடி எண்டு சொல்றீங்க. நான் போகக்கூடா எண்டுதானே இதெல்லாம் சொல்றீங்க? தனியப் போறன் எண்டு பயப்படுறீங்க, விளங்குது. அண்ணன், அந்த இலக்கத்தை எழுதித் தாங்க."

"சத்தியமாச் சொல்றன் தங்கச்சி" என்றேன். என் சத்தியத்துக்கு என்ன மதிப்பு? எந்தப் பொருளைக் காட்டி நம்பவைக்கலாமோ அந்தப் பொருளையெல்லாம் நானே ஒழுங்காகத் தேய்த்துத் துடைத்து வைத்திருந்தேன். அவள் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். நான் அழித்த அந்த இலக்கத்தை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். படத்துக்குப் பின்னால் வைத்து மடித்துக்கொண்டாள்.

பத்து நாள் வரவில்லை. பிறகு ஒரு பின்னேரம் வந்தாள். வெயிலில் கறுத்து, உதடு வெடித்து, ஆனால் கல்யாண வீட்டிலிருந்து வருகிறவள்போல் இருந்தாள். முகாமுக்குள் விடவில்லையாம். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று படத்தைக் காட்டிக் காட்டிக் கேட்டாளாம். ஐந்தாம் நாள், கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரு கிழவர் படத்தைப் பார்த்துத் தலையாட்டினாராம்.

"இரண்டு பொத்தான் வைச்ச மணிக்கூடு கட்டியிருந்தவரா எண்டு கேட்டன் அண்ணன். ஓம் எண்டார். வேற இடத்துக்குக் கொண்டுபோயிட்டாங்களாம்."

கம்பிக்குள் நிற்கிற மனிதன், வெளியில் நின்று கெஞ்சுகிறவளுக்கு வேறென்ன சொல்வான்? அவருக்கு இருந்த இரக்கம், மணிக்கூடு வரவில்லை என்று சொன்ன அன்றைக்கு எனக்கும் இருந்தது என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை. நான் அதை என் பெயருக்காகச் சொன்னவன்.

"உங்களோட எனக்குக் கோபம் இல்ல அண்ணன்" என்றாள். "அந்தப் பிணங்களை எல்லாம் பாத்து உங்களுக்கும் மனசு குழம்பித்தானே போயிரிக்கும். அவர் வந்தா முதல்ல உங்களிட்டத்தான் கூட்டி வருவன். பயப்படாதீங்க. அவர் செத்திட்டார் எண்டு நீங்க சொன்னதை நான் அவரிட்டச் சொல்லமாட்டன்."

"ஓம் தங்கச்சி. கூட்டிக்கொண்டு வாங்க" என்றேன்.